டிரெய்லரின் வால் தரையில் உரசுகிறதா? ரோலர் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பலர் இப்போது சொந்தமாக டிராவல் டிரெய்லர் (டிரக் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறை நெருங்கினால் பிக்கப் டிரக்கின் பின்னால் அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வாங்கிய முதல் வருடத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் வரும் தலைவலி ஒன்று உண்டு. வீட்டு டிரைவ்வேயில் ஏற்றும்போதோ பெட்ரோல் பங்கிலிருந்து இறங்கும்போதோ பின்பக்கம் 'கரகர' என்று தரையில் இழுபடும். யாரிடம் கேட்டாலும் "பின்னாடி ரெண்டு ரோலர் போட்டுடுங்க" என்பார்கள். வாலுக்கு அடியில் மாட்டி, தரையில் பட்டால் உருளும் சிறு சக்கரங்கள்தான் ரோலர். அந்த யோசனை எந்த அளவுக்குச் சரி, எங்கே ஆபத்து என்பதை நண்பர்கள் கேட்ட கேள்விகளின் வழியாகவே எழுதியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் அங்கே புழங்கும் அடி, அங்குலம், பவுண்டு கணக்கில்தான்.

சமதரையில் நன்றாகப் போகும் டிரெய்லர் சரிவில் மட்டும் ஏன் உரசுகிறது?

டிரெய்லர் ஒரு சீசா பலகை. நடுவில் தாங்குவது சக்கரம். முன் முனை டிரக்கின் பின்னால் இருக்கும் இணைப்பின், அதாவது ஹிட்சின், பந்தில் மாட்டியிருக்கிறது, பின் முனை சும்மா தொங்குகிறது. டிரக் மேட்டில் ஏறும்போது ஹிட்ச் உயரும். சக்கரம் இன்னும் சமதரையில் இருப்பதால் வால் இறங்கியே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். ஹிட்ச் பந்திலிருந்து ஆக்சில் (சக்கரங்களின் அச்சு) வரை 18 அடி என்று வைத்துக்கொள்வோம் (இரட்டை ஆக்சில் என்றால் இரண்டுக்கும் நடுப்புள்ளி வரை). ஆக்சிலிலிருந்து பின் பம்பர் வரை 10 அடி. ஏறும் டிரைவ்வே 12 சதவீதச் சரிவு, அதாவது 100 அடி போனால் 12 அடி உயரும். சக்கரம் சரிவின் அடிவாரத்துக்கு வரும் நேரத்தில் ஹிட்ச் ஏறக்குறைய 26 அங்குலம் மேலே போயிருக்கும். வால் 14 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே வந்திருக்கும். பம்பர் தரையிலிருந்து 14 அங்குல உயரத்தில்தான் இருக்கிறது என்றால் அது தரையைத் தொட்டாயிற்று.

இதில் ஓட்டுகிறவரின் தவறு ஏதும் இல்லை. ஆக்சிலுக்குப் பின்னால் நீளம் கூடக் கூட, பின்பக்கம் தாழத் தாழ, உரசல் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. உள்ளே இடம் வேண்டும் என்பதற்காக டிரெய்லரை நீளமாகக் கட்டுகிறார்கள். ஹிட்ச் மேல் போதுமான எடை விழ வேண்டும் என்பதற்காக ஆக்சிலை எங்கே வேண்டுமானாலும் வைக்கவும் முடியாது. மிச்சமிருக்கும் நீளமெல்லாம் பின்னால்தான் நீள்கிறது.

எந்தெந்த இடங்களில் இது அதிகம்?

சரிவைவிட, இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம்தான் மோசம். பெட்ரோல் பங்கின் வெளிவாசலைப் பாருங்கள். பங்கின் தளம் சாலையை நோக்கி இறங்கும். ஓரத்தில் மழைநீர் ஓடும் வாய்க்கால் இருக்கும். அதற்கு அப்பால் சாலை நடுவை நோக்கி மறுபடி ஏறும். பின்னால் 8 சதவீதம், முன்னால் 4 சதவீதம் என்றால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும் நொடியில் இரண்டும் கூடி 12 சதவீதமாகிவிடும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு எந்தச் சரிவும் பெரிதாகத் தெரியாது.

அடுத்த முறை பங்கிலிருந்து வெளியே வரும்போது வாய்க்காலுக்கு உட்புறம் காங்கிரீட்டைக் குனிந்து பாருங்கள். ஜோடி ஜோடியாக வெள்ளைக் கீறல்கள் சாலையை நோக்கி ஓடுவது தெரியும். ஆழமாகத் தொடங்கி, ஓர் அடி இரண்டு அடி ஓடி, மெலிந்து மறையும். உங்களுக்கு முன்னால் போன டிரெய்லர்கள் விட்டுச்சென்ற தடம் அது. அந்த வாசல் உங்களுக்கும் ஒத்துவராது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

இதுபோக, சரிவான டிரைவ்வேயில் ரிவர்ஸில் ஏற்றும்போது வால்தான் முதலில் மேட்டைச் சந்திக்கிறது. கப்பலில் ஏற்றும் சாய்தளங்கள் தனிக் கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் டிரெய்லர் எவ்வளவு சரிவைத் தாங்கும் என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். நூல் பிடித்துப் பார்த்தாலே போதும். சமமான இடத்தில் டிரெய்லரை டிரக்கோடு மாட்டியபடி நிறுத்துங்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு முனையை வைத்து, பின்பக்கத்தை நோக்கி நூலை இழுத்துப் பிடித்து, மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போங்கள். நூல் முதலில் எதில் தட்டுகிறதோ, அதுதான் தரையிலும் முதலில் தட்டும். அந்தப் பொருள் தரையிலிருந்து எத்தனை அங்குலம், டயர் தொடும் இடத்திலிருந்து எத்தனை அங்குலம் பின்னால் என்று அளந்து, முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சரிவின் சதவீதம் கிடைத்துவிடும்.

பயணத்துக்கு எப்படிக் கிளம்புவீர்களோ அப்படிச் சாமான் ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். காலி வண்டியின் அளவு ஏமாற்றிவிடும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. பின்பக்கத்தில் இருக்கும் 40 கேலன் கழிவுத் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு கூடுகிறது. முகாமுக்குப் போகும்போது உரசாத அதே வாசலில் திரும்பி வரும்போது உரசுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ரோலர் போட்டுவிட்டால் உரசல் நின்றுவிடுமா?

கீறல் நிற்கும். தொடுவது நிற்காது, முன்பைவிடச் சீக்கிரமாகவே தொடும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று உங்கள் மனதில் தங்க வேண்டும் என்றால் இதுதான் தங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரோலர் வேலை செய்ய வேண்டும் என்றால் பின்பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் தரையைத் தொட வேண்டும். அதாவது ஏற்கெனவே போதாத உயரத்தில் இன்னும் ஓர் அங்குலத்தை நாமே குறைக்கிறோம். அதற்குப் பதிலாக, உடையக்கூடிய பொருள் தட்டாமல் உருளக்கூடிய பொருள் தட்டுகிறது. நல்ல பேரம்தான், சந்தேகமில்லை. ஆனால் எப்போதாவது ஒருமுறை நேரும் தொடுதலுக்குத்தான் அது பேரம். தினமும் வீட்டு வாசலில் ரோலர் மேல் ஏறி இறங்குகிறீர்கள் என்றால் கோளாறு உயரத்தில் இருக்கிறது. அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்பதை. கதவருகே தரையில் ஒரு ரசமட்டம் வைத்தாலே தெரிந்துவிடும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் வால் இயல்பாகவே இறங்கியிருக்கும். அது உரசலுக்கு மட்டுமல்ல, நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டுவதற்கும் வழி செய்யும். ஹிட்ச் பந்தை இறக்கி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மட்டம், அல்லது மூக்கு ஒரு துளி கீழே. அதுதான் சரியான நிலை.

அதற்காக மூக்கை அளவுக்கு மீறி இறக்கிக்கொண்டே போகாதீர்கள். மேலே சொன்ன 18 அடி, 10 அடி வண்டியில் ஹிட்சை 1 அங்குலம் இறக்கினால் வால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் உயரும். இரட்டை ஆக்சில் வண்டியில் முன் ஆக்சில் மேல் அதிகப் பாரமும் விழும். பலன் சிறிது, தொந்தரவு பெரிது.

ஆக்சிலுக்கு மேலேயே டிரெய்லரை உயர்த்திவிடலாமா?

அதுதான் நிரந்தரத் தீர்வு என்பது என் கருத்து. தாழ்வாகக் கட்டப்பட்ட பல டிரெய்லர்களில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதை ஆக்சிலுக்கு மேலே மாற்றினால் வண்டி 4 முதல் 6 அங்குலம் வரை உயர்ந்துவிடும். 14 அங்குலம் இருந்த பம்பர் 19 ஆனால், அதே 10 அடி வாலுக்குத் தாங்கும் சரிவு 11.7 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 16 சதவீதமாகிறது. எந்த ரோலராலும் இது முடியாது.

இதில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஆக்சில் குழாயை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடக் கூடாது. அது லேசாக மேல்நோக்கி வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். திருப்பினால் சக்கரங்கள் கோணலாகி டயர் ஒருபக்கமாகத் தேயும். குழாய் அதே நிலையில் இருக்க, அதன் மேற்பக்கத்தில் புதிய ஸ்பிரிங் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும், அல்லது அதற்கென்றே வரும் கிட்டை வாங்கிப் பூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஹிட்ச் உயரத்தை மாற்றி மட்டம் பார்க்க வேண்டும், பிரேக் ஒயர் இழுபடாமல் நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியின் பாரம் சற்று மேலேறுவதால் வளைவுகளில் கொஞ்சம் நிதானம் தேவை. படியும் உயர்ந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூடுதலாக ஒரு படி வாங்கிவிடுங்கள்.

ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சில் என்றால் இந்த மாற்றம் பொருந்தாது. ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வைத்து உயர்த்தும் இரும்புக் கட்டைகள் கிடைக்கின்றன.

பெரிய டயர் போட்டால்?

14 அங்குல வீலிலிருந்து 15-க்கு, அதே அகல டயரோடு மாறினால், விட்டம் ஓர் அங்குலம் கூடும். உயரம் அதில் பாதிதான். டயருக்கு மேலே இருக்கும் இடைவெளி போதுமா என்ற கவலைதான் மிச்சம். உரசலுக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

ரோலரை எங்கே பொருத்துவது? எவ்வளவு கீழே?

மறுபடி நூலை எடுங்கள். டயர் தொடும் இடத்திலிருந்து ரோலரின் அடிப்பகுதி வரை இழுத்தால், மற்ற எல்லாப் பொருள்களும் நூலுக்கு மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

வேறொரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பின் டயரிலிருந்து 58 அங்குலம் பின்னால், 10 அங்குல உயரத்தில் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. 92 அங்குலத்தில், 11 அங்குல உயரத்தில் ஸ்டெபிலைசர் ஜாக் (நிறுத்திய வண்டி ஆடாமல் இருக்க இறக்கும் கால்). 104 அங்குலத்தில், 14 அங்குல உயரத்தில் பம்பர். வகுத்துப் பார்த்தால் குழாய் 17 சதவீதம் வரை தாங்கும், பம்பர் 13.5, ஜாக் 12. குழாய்தான் எல்லாவற்றிலும் தாழ்வு. ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தப்பித்துவிடுகிறது. முதலில் அடிபடுவது ஜாக்.

இப்போது 96 அங்குலத்தில், அடிப்பகுதி தரையிலிருந்து 10 அங்குலம் இருக்கும்படி ரோலர் வைத்தால் அது 10.4 சதவீதத்தில் தொடும். ஜாக் தப்பியது. கூடவே, 10.4-க்கும் 12-க்கும் நடுவில் முன்பு எதுவும் தட்டாமல் போன வாசல்களில் இனி ரோலர் தட்டும். தேவைக்கு மேல் ரோலரைத் தொங்கவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு நேரான சரிவுக்குத்தான். கூரான மேடு நடுவில் வந்தால் ரோலரைத் தாண்டி ஜாக் அல்லது குழாய் அடிபடலாம்.

பின் பம்பரிலேயே மாட்டிவிடலாமே? அதற்கான ரோலர்கள்கூட விற்கிறார்களே?

வேண்டாம். பெரும்பாலான டிராவல் டிரெய்லர்களில் இருக்கும் 4 அங்குலச் சதுர பம்பர் மெல்லிய தகட்டுக் குழாய். அதற்குள்ளே கழிவுநீர் ஓஸை மடித்து வைப்பதற்குத்தான் நாமே பயன்படுத்துகிறோம். கீழிருந்து ஒரு குத்து விழுந்தால் முறுக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஃபிரேமோடு சேர்த்த பற்றுவைப்பு விட்டுப்போகும். ரோலரின் இடம் இரண்டு நீளச் சட்டங்களின் நேர் கீழே. சட்டத்துக்கு ஒன்றாக இரண்டு. நடுவில் ஒற்றை ரோலர் வைப்பதும் தவறு. நடுவில் இருக்கும் குறுக்குச் சட்டம் அந்தப் பாரத்துக்கு ஆனதல்ல.

ரோலர் மேல் உண்மையில் எவ்வளவு எடை விழும்?

பலரும் நினைப்பதைவிட மிக அதிகம். கடையில் சின்னச் சக்கரத்தைப் பார்த்து "வாலோட எடைதானே" என்று நினைக்கத் தோன்றும்.

6,000 பவுண்டு டிரெய்லர், ஹிட்ச் மேல் 12 சதவீதம், அதாவது 720 பவுண்டு. முன்பு சொன்ன 18 அடி, 10 அடி அளவுகள். பள்ளம் ஆழமாக இருந்து, சக்கரங்கள் தரையைவிட்டுத் தொங்கும் அளவுக்குப் போய்விட்டால், முழு வண்டியையும் தாங்குவது ஹிட்சும் ரோலரும் மட்டுமே. அந்த நொடியில் ரோலர்கள் மேல் விழுவது சுமார் 3,400 பவுண்டு. பாதிக்கும் மேல். தரை கோணலாக இருந்தால் அதில் பெரும்பகுதி ஒரே ரோலர் மேல் விழும்.

மிச்சம் 2,600 பவுண்டு எங்கே போகிறது? ஹிட்ச் மேல். 720 தாங்கிக்கொண்டிருந்த ஹிட்ச் திடீரென்று மூன்றரை மடங்குக்கும் மேல் தாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஹிட்சில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை பவுண்டு என்று எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். 1,000, 1,200 என்று இருப்பதுதான் வழக்கம். பின்னால் ரோலர் உருளும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, முன்னால் ஹிட்ச் படும் பாட்டைக் கவனிக்காமல் விடுகிறோம். டிரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்கும் அப்போது உதவாது, சக்கரம் தரையில் இல்லையே.

எப்போதும் இவ்வளவு தூரம் போகாது. ஸ்பிரிங் சில அங்குலம் விரிந்து கொடுப்பதால் வழக்கமான தொடுதலில் பாரம் இதைவிடக் குறைவு. ஆனாலும் ஃபிரேமின் பின்பகுதி தன் பாரத்தைத் தொங்கவிட்டுத் தாங்கும்படி கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான பவுண்டு கீழிருந்து மேலே குத்துவது அந்தக் கணக்கில் இல்லை. பின்சுவர் தரையிலிருந்து பிரிவது, மூலையில் பசை விட்டு மழைநீர் இறங்குவது எல்லாம் இப்படித் தொடங்கக்கூடியவை. ரோலர் இருக்கும் தைரியத்தில் எந்த வாசலிலும் நுழைவது டிரெய்லரின் ஆயுளைக் குறைக்கும்.

இரும்பு ரோலரா, பாலியூரித்தேனா?

பாரம் தாங்குவதில் இரும்பை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் டிரைவ்வேயில் தடம் விழும். வெயிலில் இளகிய தாரில் பள்ளமே விழும். பாலியூரித்தேன் ரப்பர் போன்ற கெட்டியான பிளாஸ்டிக். தரைக்கு இதமானது, சத்தமும் குறைவு. கனமான வண்டிக்கு அதன் பாரக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். விட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு அங்குலச் சக்கரம் வாய்க்கால் விளிம்பில் மாட்டிக்கொண்டு உருளாமல் இழுபடும். 4 முதல் 6 அங்குலம் நல்லது. அகலமான உருளை, ஒல்லியான சக்கரத்தைவிட நல்லது. பாரம் பரவலாக விழும்.

திரும்பும்போது வசதியாக இருக்குமே என்று சுழலும் காஸ்டர் போடலாமா?

தள்ளுவண்டிக்கு அது சரி. இங்கே முதல் அடியிலேயே அதன் கழுத்து வளையும், வளைந்தால் குறுக்கே நின்று ஏர் உழும். நிலையான ரோலரைப் போட்டு, அது தரையைத் தொடும் இடங்களில் முடிந்தவரை நேராகப் போவதே சரி.

பற்றவைப்பதா, போல்ட் போடுவதா?

ஃபிரேமின் தகடு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. டிராவல் டிரெய்லர் ஃபிரேம்கள் பார்வைக்குக் கனமான ஐ வடிவ உத்தரம் போல இருந்தாலும் தகடு மெல்லியது. அனுபவமில்லாத கை பற்றவைத்தால் ஓட்டை விழும், அல்லது பற்றுவைப்பின் ஓரத்தில் பிற்பாடு விரிசல் ஓடும். ஃபிரேம் வேலை தெரிந்த வெல்டர் கிடைத்தால் பற்றவைப்பது உறுதியானது. ரோலரை நேரடியாக ஒட்டாமல், பாரத்தைப் பரப்பும் நீளமான ஒரு தகட்டை முதலில் வைத்து அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள்.

நான் போல்ட் பக்கம். வளைந்தால் கழற்றி மாற்றலாம், உயரம் கூட்டிக் குறைக்கலாம். துளை போடுவதாக இருந்தால் உத்தரத்தின் நடுத் தகட்டில் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் போடக் கூடாது. உத்தரத்தின் பலமே அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. உள்ளும் புறமும் தகடு வைத்து நடுவில் சட்டத்தை இறுக்கும்படி செய்தால் இன்னும் நல்லது.

பற்றவைப்பதாக இருந்தால் நெருப்பை மறந்துவிடாதீர்கள். அடிப்பகுதியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு, அதற்கு மேலே பஞ்சு, ஒயர்கள், ஃபிரேமை ஒட்டி ஓடும் கேஸ் குழாய் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. சிலிண்டரை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிளாஸ்டிக்கைத் திறந்து ஒதுக்கி, தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்காமல் தொடங்கவே கூடாது. வேலை முடிந்தபின் அரை மணி நேரமாவது புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உருளாத சறுக்குப் பட்டை போதாதா?

எப்போதாவது ஒருமுறை தட்டும் வண்டிக்குப் போதும். தடிமனான இரும்புப் பட்டையை வளைத்து ஜாக்குக்குப் பின்னால் மாட்டுவார்கள். தேய்ந்தால் மாற்றிவிடலாம், துருப்பிடித்து இறுகும் பாகம் எதுவும் கிடையாது. ஒரு குறை, பள்ளத்தின் விளிம்பில் குத்தினால் வண்டி அப்படியே நின்றுவிடும்.

எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டிருக்கிறேன். அதனால் ஏதாவது மாற்றம் உண்டா?

உண்டு. டிரக்கும் டிரெய்லரும் பள்ளத்தில் இரண்டு பக்கமும் உயர்ந்து, ஹிட்ச் தாழ்ந்து நிற்கும்போது அதன் ஸ்பிரிங் கம்பிகள் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும். கடுமையான சரிவு, ஆழமான வாய்க்கால் என்றால் கடப்பதற்கு முன் கம்பிகளைக் கழற்றிவிடச் சொல்லி ஹிட்சின் கையேட்டில் போட்டிருப்பார்கள். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்யுங்கள். சாலைக்கு வந்ததும் மறுபடி மாட்டவும் மறக்காதீர்கள்.

வீட்டு வாசல் மட்டும்தான் பிரச்சினை. அதற்கும் ரோலர் தேவையா?

தேவையில்லை, இரண்டு பலகை போதும். சக்கரம் பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் டயருக்கு அடியில் பலகை வைத்தால் ஆக்சிலே உயர்ந்துவிடுகிறது. ஆக்சில் 1 அங்குலம் உயர்ந்தால் நம் உதாரண வண்டியில் வால் 1.56 அங்குலம் உயரும். 2 க்கு 10 (2 அங்குலத் தடிமன், 10 அங்குல அகலம்) என்று கடையில் விற்கும் பலகையின் உண்மையான தடிமன் ஒன்றரை அங்குலம். ஒரு பலகைக்கு வால் 2.3 அங்குலம், ஒன்றின்மேல் ஒன்று இரண்டு வைத்து ஆணி அடித்தால் 4.7 அங்குலம் உயர்கிறது. கொஞ்சம் மரம், ஆக்சில் மாற்றும் வேலையின் பலனில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது!

இரட்டை ஆக்சில் என்றால் இரண்டு டயரும் ஒரே நேரத்தில் நிற்கும்படி ஆறு அடிக்குக் குறையாத நீளம் வேண்டும். முனைகளைச் சாய்வாக அறுத்துவிடுங்கள். ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக. நடுவில் பலகை நழுவாமல் இருக்கிறதா என்று ஒருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பலகையை எடுத்துவிடுங்கள். வாய்க்காலில் நிரந்தரமாக விட்டுவைத்தால் மழைநீர் அடைத்துக்கொண்டு நகராட்சியிலிருந்து கடிதம் வரும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது?

வேகம் நடை வேகத்தைத் தாண்டக் கூடாது. வேகமாகப் போனால் ஸ்பிரிங் அமுங்கி வால் இன்னும் இறங்கும். தொடுவதும் குத்தாக விழும். இடம் இருந்தால் வாய்க்காலைச் சற்றுச் சாய்வாகக் கடந்தால் சரிவு குறையும். ஆனால் ஒரு மூலை மட்டும் தாழும், ஃபிரேமும் முறுக்கும். ஆகவே கொஞ்சம் சாய்வு போதும். பின்னால் ஒருவரை இறங்கி நிற்கச் சொல்லுங்கள். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அவர் கையால் காட்டட்டும். "வாங்க வாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உதவாது. அவர் டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட, பெரிய லாரிகள் போய்வரும் பங்குகளைத் தேடிப் போங்கள். வாசல் அகலமாகவும் சரிவு மென்மையாகவும் இருக்கும். இரண்டு மைல் சுற்றினாலும் லாபம்தான்.

ரோலரைப் பராமரிக்க வேண்டுமா?

கட்டாயம். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் ஒரே பருவத்தில் இறுகிப்போகும். வருடம் ஒருமுறை கிரீஸ் அடித்து, கையால் சுற்றிப் பாருங்கள். அப்படியே உருளையை உற்றுக் கவனியுங்கள். ஆரோக்கியமான ரோலரில் கீறல்கள் சுற்றிலும் சமமாக இருக்கும். சுற்றிலும் செந்துரு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளவென்று மின்னினால், அது நெடுநாளாகச் சுற்றவே இல்லை, அந்த ஒரே முகத்தில் இழுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய டிரெய்லர் வாங்கப் போனாலும் முதலில் குனிந்து இதைப் பாருங்கள். முந்தையவர் எப்படிப்பட்ட வாசல்களில் ஏற்றி இறக்கினார் என்பது அங்கே தெரியும். தட்டையான முகம் இருந்தால் ரோலருக்கு மேலே ஃபிரேமின் பற்றுவைப்பு, பின்சுவரின் கீழ் மூலைகள், குழாய்த் தாங்கிகள் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கார் ஏற்றும் டிரெய்லருக்கும் இதே கணக்கா?

கணக்கு அதேதான். அவற்றில் சிலவற்றின் பின்பகுதி கார் ஏற வசதியாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்த முனை சீக்கிரம் தட்டும். அங்கே ஃபிரேம் கனமான சேனல் என்பதால் இரும்பு ரோலரைத் தயங்காமல் பற்றவைக்கலாம். பின்கதவே சாய்தளமாக இறங்கும் பெட்டி டிரெய்லரில், ரோலர் அந்தக் கதவு திறப்பதற்கு இடைஞ்சலாக இல்லையா என்று கதவை முழுக்கத் திறந்து பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

கப்பலில் ஏற்றப்போகிறோம். ரோலர் போதுமா?

வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெர்ரிகள், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிசி ஃபெர்ரீஸ், அலாஸ்காவின் கடல்வழிக் கப்பல்கள் எல்லாவற்றிலும் டிரெய்லரோடு போகலாம். அங்கே சரிவு நிலையானதல்ல. கடல் ஏறி இறங்கும்போது கரையையும் கப்பலையும் இணைக்கும் சாய்தளமும் சேர்ந்து சாய்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் ஒரே நாளில் கடல்மட்டம் 10 அடிக்கு மேல் மாறும். காலையில் சமமாக இருந்த தளம் மதியம் செங்குத்தாகத் தெரியும். சாய்தளமும் கப்பல் தளமும் சேரும் மடிப்பில்தான் வால் தட்டும்.

வழி ஒன்றுதான். கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, நீர் மிகவும் வற்றியிருக்கும் நேரத்துப் பயணத்தைத் தவிர்த்து முன்பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால், வரிசையில் நிற்கும்போதே ஊழியரிடம் "பின்பக்கம் தாழ்வு, நீளமான வால்" என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது பழகிய விஷயம். எந்தப் பாதையில், எந்தக் கோணத்தில் ஏற்றுவது என்று அவர்களே கைகாட்டுவார்கள், மடிப்பில் கட்டையும் வைத்துத் தரக்கூடும். கழிவுத் தொட்டிகளைத் துறைமுகத்துக்கு வரும் வழியிலேயே காலி செய்துவிட்டு வாருங்கள்.